கைவிசேடத்துக்கு ஒரு சிப்

1996 ஜூன் 11, செவ்வாய். வால்தம்ஸ்டோ.

சித்திரை வருஷப்பிறப்பன்று கைவிசேடமாக, அதாவது வருஷத்தின் முதல் கொள்முதலாக, என் கம்ப்யூட்டர் கடைக்கு ஒரு பெட்டி மெமரி சிப் வாங்க இருந்தேன். கடைக்கு வந்த மொத்த வியாபாரி மணியம், மலேசியாக்காரர், ஒரே ஒரு சிப்பை என் கையில் வைத்துவிட்டு, "மிச்சம் இப்ப வேணாம் அண்ணே, பொறுங்க" என்றார். நல்ல நாளும் அதுவுமாக மறுக்கிறாரே என்று எனக்குக் கோபம்.

இன்று விலை பாதிக்கும் கீழே. சந்தையைப் பிடிக்கச் சிப் கம்பனிகள் போட்டிபோட்டு நட்டத்துக்கே விற்கின்றனவாம். அன்று பெட்டியாக வாங்கியிருந்தால் கடையே போயிருக்கும்.

மணியத்துக்குப் போன் எடுத்தேன். "உங்கட லாபத்தை ஏன் விட்டனீங்கள்?"

"நீங்க கடையை மூடிட்டா நான் யாருக்கு விக்கிறது?"

என் சாமி நல்லூரான் அனுப்பிய ஆள். அன்று கோபத்தில் அவருக்கு ஒரு தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.