அண்ணன் எழுதி வைத்த பெயர்

ஆவணி 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அச்சாபீசில் தீபாவளி ஆர்டர். வடக்கே போகிற புஸ்வாணப் பெட்டி லேபிள் ஆறு, எல்லாம் இன்றைக்கே பிழை பார்த்துக் கொடுக்கணும். அதில் ஒன்று 'ரோஷினி'. எழுத்து கண்ணில் ஏறவில்லை.

அண்ணன் பட்டாசுக் கம்பெனி விபத்தில் போய் ஆறு மாதம். இதே லேபிள் ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் எழுதி பீரோவில் வைத்திருந்தான். 'பொண்ணு பிறந்தா ரோஷினி.' பிள்ளைக்கு இன்றோடு இருபத்து மூன்று நாள். இன்னும் பெயரில்லை. பாப்பா, குட்டி, தங்கம்.

அண்ணிக்கு அந்தப் பெயர்தான் வேண்டும். அம்மாவுக்கு ஆகவே ஆகாது.

"வெடிப்பெட்டியில போடுற பேர எம் பேத்திக்கு வைப்பாகளா? கூப்புடும்போதெல்லாம் எம் மவன் எரிஞ்சது ஞாவகம் வரணுமா?"

அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வாங்க வேண்டியது: பாலாடை, சோப்பு, கொசுவலை.

ஆவணி 5, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் ஃபரீதா அக்கா துணிக்கடை. அவரது அப்பா உருது வாத்தியார். பெயருக்கு அர்த்தம் கேட்டேன்.

"பாரசீகத்துலருந்து வந்ததுத்தா. ரோஷன்னா வெளிச்சம். ரோஷ்னியும் அதான், நீங்க ரோஷினின்னு இழுக்கீக."

"நெருப்புன்னு அர்த்தம் வருமாக்கா?"

"அதுக்கு ஆதிஷ்னு வேற வார்த்தை. பட்டாச ஆதிஷ்பாஜிம்பாக. இது அது இல்ல."

பூப்போட்ட சட்டை ஒன்றையும் சேர்த்துக் கட்டித் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வெளிச்சம் எதுல வருது? நெருப்புலதானே?"

கோபம் வந்தது. அப்புறம் அழுகை. ஆறு மாதமாக அம்மா தீக்குச்சி தொடுவதில்லை. கரண்ட் அடுப்பில்தான் சமையல். சாமி விளக்குகூட நானோ அண்ணியோதான். அவளிடம் போய் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் புத்தி மட்டு.

ஆவணி 8, ஞாயிறு

இருக்கன்குடி மாரியம்மன் கோயில். கூட்டம், புழுதி, காற்று. பிள்ளை வழியெல்லாம் தூக்கம்.

நல்லபடியாகப் பிறந்தால் மாவிளக்கு எடுப்பதாக அம்மாதான் நேர்ந்திருந்தாள். வழக்கம்போல நான் தீப்பெட்டியைத் திறந்தேன். கையைப் பிடித்தாள்.

"நேந்துக்கிட்டது நானு. கொண்டா இங்கன."

முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது காற்றில் அணைந்தது. அண்ணி முந்தானையை விரித்து மறைப்புப் பிடித்தாள். மூன்றாவதில் திரி பிடித்தது. பிள்ளை முழித்து அதையே பார்த்தது.

"அவன மாதிரியே முழிக்கா," என்றாள் அம்மா.

பிள்ளையை வாங்கிக் காதோரம் குனிந்து மூன்று தடவை பெயர் சொன்னாள். மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அண்ணிக்குக் கேட்டிருக்கிறது. பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பிள்ளை அம்மா மடியில்.

"ஏத்தா ரோஷினி, அப்பத்தா வெரல விடு. டிக்கெட் எடுக்கணும்லா."