அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டர்

ஜூலை, செவ்வாய் இரவு

என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு வந்தும் ஜோசப் சாரின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. ஜெகதளாவில் எங்கள் சர்ச் பாடகர் குழுவை நடத்துபவர். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பேசினால் வெறும் காற்றுதான் வருகிறது. டெனர், ஆல்டோ என்று ஒவ்வொரு குரல் பிரிவுக்கும் தனித்தனியாக முன்பு அவர் பாடிப் பதிந்ததெல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. அறுப்பின் பண்டிகைக்கு அதைக் கேட்டுத்தான் நாங்கள் பழக வேண்டும்.

இன்று அதில் புது டிஸ்க் போட்டு, சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றினேன். அவருக்குப் பிடிக்குமே என்று பயனர் கணக்குக்கு அவருடைய பழைய பெயரையே கொடுத்தேன். அதுதான் வினை. தன் பெயரைப் பார்த்ததும் ஆசையாக அந்த ஃபோல்டரைத் திறந்தார். காலி. அது புதிதாக உண்டானது என்று நான் சொல்வதற்குள் முகம் வெளுத்துவிட்டது. பழைய டிஸ்க்கை இணைத்து அதிலிருந்த ஃபோல்டரைத் திறக்கப் பார்த்தேன். அனுமதி இல்லை என்றது. பெயர் ஒன்றானாலும் கம்ப்யூட்டருக்கு அவர் வேறு ஆள்.

"என்ற ஊட்டுக்குள்ளயே என்னைய உட மாட்டேங்குதுங்களா?" என்று காற்றுக் குரலில் கேட்டார். சிரிக்கத்தான் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார்."

ஃபோல்டரின் உரிமையை மாற்றியதும் திறந்தது. ஒரு பதிவைத் தட்டினேன். கணீரென்று பாடிய சாரின் பழைய குரல் நடுவில் பாட்டை நிறுத்திப் பேசியது. "டெனர்காரங்க இங்கதான் அவசரப்படுவீங்க. இன்னொருக்கா பாடறேன், கேளுங்க."

சார் கையை உயர்த்தித் தாளம் போட்டார். நானும் டெனர்தான். சேர்ந்து பாடினேன்.

அதே இடத்தில் அவசரப்பட்டேன். சார் மேஜையைத் தட்டி நிறுத்தினார்.