கதவுக்கு முட்டுக் கொடுத்த கட்டை

ஷேடி ரன், பென்சில்வேனியா
டிசம்பர் 1, 2016

அன்பு மகள் ஜானெலுக்கு அம்மா எழுதுவது. இந்தக் கடிதம் நியூசிலாந்து வந்து சேரும்போது நீயும் மாப்பிள்ளையும் டெஸ்ஸாக்குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம் என்று எழுதினால் அது பாதிப் பொய். உடம்பு நலம்தான், மனசுதான் மூன்று வாரமாகத் தன் இடத்தில் இல்லை. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மருந்தைக் குடிக்கச் சொன்னால் மாட்டு மருந்து மாதிரி நாறுகிறது என்கிறார். நிலவறையில் தண்ணீர் கசிவது நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ஹெஸ் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு ஃபுளோரிடா போகிறார்கள். இதெல்லாம் ஃபோனில் சொல்லியாகிவிட்டது. சொல்லாதது ஒன்று இருக்கிறது. அதை ஃபோனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். உட்கார்ந்து படி.

உன் அப்பாவும் மெர்ல் சித்தப்பாவும் ஏன் பேசுவதில்லை என்று சின்ன வயதில் என்னை எத்தனை தடவை கேட்டிருப்பாய், நிலத் தகராறு என்று மழுப்பினேன். நிலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ரேமண்ட் தாத்தாவின் பழைய துப்பாக்கி, லீவரை இழுத்துச் சுடுவார்களே, அதுதான் காரணம். தாத்தா அதை மூத்தவர் என்று உன் அப்பாவுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆனால் அந்தத் துப்பாக்கி தன்னுடையது என்று மனசுக்குள் வைத்திருந்தவன் மெர்ல். பன்னிரண்டு வயதில் முதல் மானை அதில்தான் சுட்டான். ஒவ்வொரு வருடமும் மான் வேட்டை தொடங்கும்போது காப்பிக் கடையில் உட்கார்ந்து, “பன்னெண்டு வயசுல அப்பா துப்பாக்கிய தோள்ல வெச்சேன் பாரு, எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்பவே நான் முழு ஆம்பளடா” என்று ஆரம்பித்துவிடுவான், கேட்டுக் கேட்டு ஊருக்கே மனப்பாடம். தாத்தா போன அடுத்த வருடம் உனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு முதல் வேட்டை. அன்று காலை மலையடியில் உன் கையில் அந்தத் துப்பாக்கியைப் பார்த்தான். தோளில் முட்டுகிற பின்கட்டையில் இரண்டு அங்குலத்தைக் காணோம், நுனியில் கறுப்பு ரப்பர் ஒட்டியிருந்தது. நீ முன்னால் ஓடிவிட்டாய், உனக்குக் கேட்கவில்லை. “அப்பாவப் புதைச்ச மண்ணு இன்னும் காயல, அதுக்குள்ள அவரு துப்பாக்கிய அறுத்துட்டியா?” என்று உன் அப்பாவிடம் கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனவன்தான், அதோடு பேச்சு நின்றது. இருபத்தெட்டு வருடம்.

இப்போது கேள். நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் வழக்கமான துப்பாக்கிச் சந்தை. நான் பெண்கள் சங்கத்து மேசையில் நானே சுட்ட பூசணிப் பை விற்றுக்கொண்டிருந்தேன், மெர்ல் ஆரஞ்சுச் சட்டையோடு வாசலில் கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தான். டெட்வைலர் என்று ஒருவர் பழைய துப்பாக்கிகளைப் பார்த்து மதிப்புச் சொல்ல வந்திருந்தார். காப்பீட்டுக்காரன் விலைச் சீட்டு கேட்கிறான் என்று உன் அப்பா தாத்தாவின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். அந்த மனிதர் விலைக்கு வருவதற்கே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். இரும்பில் பொறித்த எண்ணைப் பார்த்தார், திருகாணித் தலைகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார், குழலுக்குள் மரக்குச்சியை விட்டு நீளம் அளந்தார். குழல் பாதிவரை எட்டுப் பட்டை, அப்புறம் உருண்டை, அந்தக் காலத்தில் தனியாகச் சொல்லிச் செய்தால்தான் அப்படி வருமாம். எல்லாம் அசல் என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர் கட்டையை மோந்து பார்த்துவிட்டு, “இதுக்கு யாரு படகு வார்னிஷ் அடிச்சது?” என்றார். உன் அப்பா கூரையைப் பார்த்தார். பின்னால் திருப்பி ரப்பரைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. “இது வெட்டாம இருந்திருந்தா ஒன்பதாயிரம் டாலருக்கு நானே எடுத்துக்குவேன். இப்ப அறுநூறு” என்றார். அது அவ்வளவு பெறும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அடுப்படி மூலையில் துடைப்பத்தோடு சாத்தி வைத்திருந்த சாமான்.

காப்பி வாங்க உள்ளே வந்த மெர்ல் காதில் இது விழுந்துவிட்டது. உன் அப்பாவைப் பார்த்துப் பேசவில்லை, கூடத்தைப் பார்த்து, “எல்லாரும் கேட்டுக்குங்கப்பா, ஒன்பதாயிரத்த ரம்பத்தால அறுத்துப்போட்ட புண்ணியவான் யாருன்னு பாத்துக்குங்க” என்றான். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். உன் அப்பாவுக்குக் காது சிவந்துபோயிற்று. ஜானெல், எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, பை வெட்டுகிற கத்தியோடு நடுக்கூடத்துக்குப் போய், “அறுத்தது அவர் இல்ல மெர்ல், நான்” என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம், நான்தான். விடிந்தால் வேட்டை, உன் கை விசைக்கு எட்டவில்லை, நீ துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு அழுதாய். உன்னைப் படுக்கப் போட்டுவிட்டு அடுப்படி மேசையில் வைத்து அறுத்தேன். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்த உன் அப்பா மேசையில் கிடந்த மரத்தூளைப் பார்த்தார், போய் ரப்பரை எடுத்து வந்து ஒட்டினார். மறுநாள் மெர்ல் கத்திவிட்டுப் போனபிறகு, நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். “என் தம்பி என்னையே வையட்டும், உன்ன வையக் கூடாது” என்றார். நானும் இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக் கோழை மாதிரி இருந்துவிட்டேன். இத்தனைக்கும் நீ அன்று மானைப் பார்த்ததும் பாவம் என்று துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்த பெண், ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

நான் சொன்னதைக் கேட்டு மெர்ல் டெட்வைலர் மேசைக்கே வந்துவிட்டான். அதிர்ச்சி அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அதற்குள் ரப்பரைக் கழற்றிவிட்ட டெட்வைலர், “நீங்க அறுத்தது சரிம்மா. உங்களுக்கு முந்தி அறுத்தது யாரு?” என்று கேட்டார். நான் அறுத்த முகத்தில் காசளவுக்கு இரண்டு வட்டம் தெரிந்தது, கட்டைக்குள் ஆணிபோலச் செருகிய மர முளைகள் வெட்டுப்பட்ட இடம். தொழிற்சாலைக் கட்டை ஒரே மரம், அதில் முளைக்கு வேலை இல்லையாம். யாரோ முன்னாலேயே அறுத்து, அப்புறம் அதே துண்டை முளை வைத்து ஒட்டியிருக்கிறார்கள், “அந்தத் துண்டு கெடச்சா உறுதியாச் சொல்லிடுவேன்” என்றார். நிலவறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருப்பேனே, நீகூட ஆயிரம் தடவை அதில் கால் இடித்துக்கொண்டு என்னைத் திட்டியிருக்கிறாய், அதுதான் அந்தத் துண்டு.

வீட்டுக்கு வண்டியை விரட்டிப் போய் எடுத்து வந்தேன். டெட்வைலர் அழுக்கைச் சுரண்டினார், நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. உன் அப்பா அதை மேசை விளிம்பில் தட்டினார், பழைய பசை விட்டுக்கொடுத்து இரண்டாகப் பிரிந்தது. உள்முகத்தில் பென்சில் எழுத்து, தாத்தாவின் கோணல் எழுத்தேதான்: “மெர்ல். முழங்கை மடிப்பிலிருந்து விரல்வரை பன்னிரண்டே கால். நவம்பர் 1961.” உன் அப்பா அந்த வருடம் கடற்படையில் இருந்தார், அவருக்கும் தெரியாது. தாத்தா சின்ன மகனுக்காக அறுத்திருக்கிறார், அவன் வளர்ந்ததும் அவனுக்கே தெரியாமல் ஒட்டி வைத்துவிட்டார். அறுத்தது தெரிந்தால் பிள்ளையின் பெருமை போய்விடும் என்று நினைத்திருப்பார். டெட்வைலர் மட்டும் தன் தொழிலை விடாமல், “அப்ப அந்த ஒன்பதாயிரம் அறுபத்தொன்னுலயே போயிடுச்சு. அந்தத் துண்டையும் சேத்துக் குடுத்தா இன்னொரு அம்பது போட்டுத் தரேன்” என்றார்.

மெர்ல் அந்தத் துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். ஐம்பத்தைந்து வருடமாகச் சொல்லிவந்த கதை, அந்தக் கூடத்தில் அதைக் கேட்காதவர் ஒருவர்கூடக் கிடையாது. அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை. துண்டை மேசையில் வைத்துவிட்டு, “வெளிய கார் நிக்குது” என்று சொல்லிப் போய்விட்டான். நன்றி கூறும் நாளுக்குச் சாப்பிட வரச் சொல்லி ஆள் அனுப்பினேன், வரவில்லை. வான்கோழி அப்படியே மீந்தது. அவனிடம் அந்தப் பெருமை ஒன்றுதான் இருந்தது, அதையும் பிடுங்கிவிட்டேனே என்று நான் அழுதேன். “இத்தன வருஷம் சும்மா இருந்தவ அன்னைக்கும் சும்மா இருந்திருக்கலாம்” என்று உன் அப்பா சொன்னார், சொல்லிவிட்டுத் தட்டை அவரே கழுவினார்.

இந்தத் திங்கட்கிழமை வேட்டை தொடங்கியது, பள்ளிக்கூடம் வழக்கம்போல விடுமுறை. ஐந்தரை மணிக்கு வாசலில் வண்டி வெளிச்சம். மெர்ல் உள்ளே வந்து அடுப்படியில் நின்றான். “காப்பி இருக்கா அண்ணி?” என்றான். இருபத்தெட்டு வருடத்துக்கு அப்புறம் அண்ணி என்கிறான், கோப்பை வழிய வழிய ஊற்றிவிட்டேன். மூலையில் சாத்தியிருந்த துப்பாக்கியை எடுத்தான், குண்டு இல்லை என்று திறந்து பார்த்துக்கொண்டான், தோளில் வைத்தான். வயதாகி அவனும் சுருங்கித்தான் போயிருக்கிறான். “இப்பவும் எனக்கு அளவாத்தான்டா இருக்கு வில்மர்” என்றான், அண்ணனைப் பார்த்து. உன் அப்பா, “நீ எப்பவுமே குள்ளன்தானேடா” என்றார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை, தொப்பியை எடுத்துக்கொண்டு ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள். சாயங்காலம் மானும் இல்லை ஒன்றும் இல்லை, மூக்கு சிவந்து வந்து மீந்த பூசணிப் பை முழுவதையும் தின்று தீர்த்தார்கள்.

கதவுக்கு இப்போது ஒரு செங்கல் வைத்திருக்கிறேன். நீ அங்கே உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளையைக் குளிரில் தலையை மூடச் சொல், அங்கே இப்போது வெயில் என்பாய், இருந்தாலும் சொல். உனக்காகப் பட்ட பாடு என்று நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, அறுத்தவள் நான். கடவுள் உங்கள் மூவரையும் எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும். ஒன்றை மறக்காதே. அன்று சாயங்காலம், என் பேத்தி டெஸ்ஸாவுக்கு அடுத்த வருடம் பன்னிரண்டு ஆகிறது என்று சொன்னதும் மெர்ல் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் கையை முழங்கை மடிப்பிலிருந்து விரல்வரை அளந்து உடனே எழுதி அனுப்பச் சொன்னான். அவள் சுடுகிறாளோ பாவம் என்று கீழே வைக்கிறாளோ, அளவு வேண்டுமாம், தாத்தா எழுத்துக்குக் கீழே இடம் இருக்கிறதாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
அர்லீன்