இருமுறை நடந்த ஊர்வலம்

சொல்தா ஐயா,

உங்கள் கோட்டு இப்போது பாரிஸ் புறநகரான எபினேயில் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. பூச்சி உருண்டை வாசம் தாங்காமல் என் மனைவி யன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள், இந்த ஜனவரியில். மறைந்த பிறகும் ஒரு குடும்பத்தைக் குளிரில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

கல்வெட்டில் போட, பதக்கங்களோடு படம் எடுக்க உங்கள் வீட்டிலிருந்து வாங்கி வந்த கோட்டு அது. பதறவேண்டாம், கல்லில் எதுவும் வெட்டவில்லை. யாழ்ப்பாணத்தார் முப்பத்தொன்றாம் நாளில் இறந்தவரின் வரலாற்றைச் சிறு புத்தகமாக அடித்துக் கொடுப்போம். அதற்கு அந்தப் பெயர். ரூ லூயி-பிளாங்கில் இருக்கும் அச்சகக்காரர் கையில் கிடந்த பழைய மாதிரியையே நிரப்பியதால், முதல் படியில் நீங்கள் வேலணையில் பிறந்து, சைவ ஆசாரத்துடன் வாழ்ந்து, சிவபதம் அடைந்திருந்தீர்கள். புதுச்சேரிக் கத்தோலிக்கர் என்று திருத்தினேன். மாதிரியில் இருந்த தேவாரத்தை எடுத்தால் நாலு பக்கம் வெறுமையாகப் போய்விடும் என்று, புத்தகம் போடும் நம் சங்கத்தின் செயலாளர் கவலைப்பட்டார். "ஐயா ஒருநாளும் பாட்டுக்கு எதிரா நிக்கேல்லைத்தானே அண்ணை" என்றார்.

வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு. பிரெஞ்சுப் படையில் சிப்பாயாகச் சேர்ந்து சொல்தா ஆனது, அல்ஜீரியப் போர், இடது தொடையில் தங்கிவிட்ட இரும்புத் துண்டு, இரண்டு பதக்கங்கள் எல்லாம் அரைப் பக்கத்தில் முடிந்தன. ஓய்வூதியம் வாங்கிச் சீட்டாட வேண்டிய வயதில் அகதிகளின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஏன் அலைந்தீர்கள் என்ற இடத்தில்தான் பேனா நின்றது. ஒருமுறை கேட்டபோது சொன்னீர்கள்: "இந்த நாட்டுக்காக நான் அடுத்தவன் நாட்டுல போய்ச் சுட்டேன். எனக்குக் காகிதம் குடுத்தான். நீங்க உயிருக்குப் பயந்து ஓடி வந்தீங்க. உங்களுக்கு இல்லன்றான். கணக்கு இடிக்குதே."

ஊர்வலத்தை விரிவாகவே எழுதினேன். எங்களில் ஐந்து பேருக்கு ஒரு மாதத்துக்குள் நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. நான் உட்பட நால்வர் உணவகங்களில் கோப்பை கழுவுகிறவர்கள். ஐந்தாமவன் நேசன் மரக்கறி வெட்டுகிறவன். எங்களில் பெரிய உத்தியோகம். லா சப்பலிலிருந்து ரெபுப்ளிக் சதுக்கம் வரை நடக்கப் பொலிஸ் இரண்டு மணி நேரம் தந்திருந்தது. ஊர்வலம் என்றால் நின்று, கோஷம் போட்டு, கதைத்து, மெல்ல நகர்வது என்று பாரிஸில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாது. பேருந்துக்குக்கூட வரிசையில் நின்றறியாத சனத்தை உயரவாரியாக மும்மூன்று பேராக நிறுத்திப் படைநடையில் கொண்டுபோனீர்கள். அரைமணி நேரத்துக்குள் சதுக்கத்தில் நின்றோம். பத்திரிகைக்காரர் யாரும் வந்திருக்கவில்லை. பேச வேண்டிய நகரசபை உறுப்பினர் வீட்டிலிருந்தே கிளம்பவில்லை. கோப்பி குடித்துக்கொண்டிருந்த பொலிஸ் அதிகாரி ஊர்வலம் எங்கே என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றீர்கள்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினீர்கள். "வந்த வழியே போங்க. இன்னொரு தடவ வருவோம்."

எனக்குப் பின்னால் நேசன் முணுமுணுத்தான்: "திருப்பி அனுப்பாதேங்கோ எண்டு கேக்கத்தானே வந்தனாங்கள். இவரே அனுப்பிறார்."

இரண்டாம் வருகையைப் படம் பிடித்தார்கள். அது பத்திரிகையில் வந்தது. வதிவிட அனுமதி கொடுக்கும் அரச அலுவலகமான பிரிபெக்தூரில் கூப்பிட்டுக் கோப்புகளை மறுபடி திறந்தார்கள். எட்டு மாதத்தில் நால்வருக்கு விசா கிடைத்தது. நேசனை மட்டும் திருப்பி அனுப்ப ஒரு காலையில் விமானத்தில் ஏற்றினார்கள். பயணிகள் உட்கார மறுத்தால் விமானம் புறப்படாது என்பதால், அவர்களிடம் பேச நீங்களும் அதே விமானத்துக்குச் சீட்டு வாங்கிப் போனீர்கள். சோதனை வாசலில் இயந்திரம் கத்தியது. பதக்கங்களைக் கழற்றினீர்கள். மறுபடி கத்தியது. தொடையில் இருந்ததைக் கழற்ற முடியவில்லை. அதை விளக்கி முடிப்பதற்குள் விமானம் போய்விட்டது.

அதன்பின் எந்தக் கூட்டத்தில் எவர் ஐந்து பேரைக் காப்பாற்றியவர் என்று உங்களைப் புகழ்ந்தாலும், எழுந்து "நாலு" என்று சொல்லிவிட்டு உட்காருவீர்கள்.

செயலாளருக்கு நாலு பிடிக்கவில்லை. "ஐஞ்சு பேருக்கும் எடுத்துக் குடுத்தவர் எண்டு போடுவம் அண்ணை. வாசிக்க வடிவா இருக்கும். ஆர் எண்ணப் போகினம்?" உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசை வந்தது. நாலு என்று எழுதினால் அந்த நாலில் நானும் இருக்கிறேன். ஐந்து என்றால் யாரும் விடுபடவில்லை. ஆனால் விடுபட்டவனைக் கேட்காமல் எப்படிப் போடுவது? வவுனியாவில் இருக்கும் நேசனுக்குத் தொலைபேசி எடுத்தேன். விசா கிடைத்த நாளிலிருந்து நான் அவனோடு பேசியதில்லை. கிடைத்தவன் கிடைக்காதவனோடு என்ன பேசுவது?

நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன்.

"அதுதான் இந்த மாசம் எடுக்கேல்லை" என்றான்.

இத்தனை வருடமாக மாதத்தின் முதல் ஞாயிறு அவனை அழைத்து, அவனுடைய கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று அறிக்கை கொடுத்திருக்கிறீர்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவனுக்கு இப்போது சொந்தமாக இரும்புக்கடை, மூன்று பிள்ளைகள். பிரான்சுக்கு வருவதில்லை என்று பத்து வருடத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டானாம். அதை உங்களிடம் சொல்ல மட்டும் மனம் வரவில்லையாம்.

"நாலு எண்டே போடுங்கோ அண்ணை. மாத்தினால் மனுசன் ஏசும்."

அப்படியே போட்டோம். தேவாரத்தில் இரண்டு பக்கம் தப்பிவிட்டது, மன்னிக்கவும்.

சென்ற வாரம் பிரிபெக்தூரில் மூன்று மணி நேரம் நின்று விசாரித்தேன். நேற்று முதல் ஞாயிறு. நேசனை அழைத்து, கோப்பு தொலையவில்லை, இரண்டாம் மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள் என்று சொன்னேன். எந்தப் பிரிவு என்று கேட்டான். சொன்னேன். எழுதிக்கொண்டான் போலிருக்கிறது.

"விடாதேங்கோ அண்ணை" என்றான்.