கை காய்ந்தது, முதுகு நனைந்தது

மார்ச் 4
இன்றும் பட்டுத் துணியைக் கட்டிங் மாஸ்டர்தான் வெட்டினார். தையல் கடை என்னுடையது, டிசைன் என்னுடையது, கத்தரி மட்டும் அவர் கையில். என் உள்ளங்கை வியர்வை பட்டால் துணியில் கறை விழுந்துவிடும். பதினான்கு வருடமாக இதே கதை. பவுடர், மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. போதும்!

மார்ச் 11
சர்ஜன் எதையும் மறைக்கவில்லை. ஆபரேஷனில், கையை வியர்க்க வைக்கும் நரம்பை நெஞ்சுக்குள் துண்டிப்பாராம். நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கலாம், கண் இமை தொங்கிப்போகலாம். "கை காஞ்சிடும்மா. ஆனா முதுகு, வயிறுன்னு வேற எடத்துல வேர்க்கலாம். நிறைய பேருக்கு வருது. வந்துட்டா சரி பண்றது கஷ்டம்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது வீட்டுக்காரர் கேட்டார்: "இந்தக் கையைப் பிடிச்சுத்தானே இத்தனை வருஷம் நடக்கிறேன், எனக்கென்ன கொறஞ்சுபோச்சு?" அழுதுவிட்டேன். ஆனால் இது எனக்காக.

மார்ச் 12
சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளும் நனைந்தது.

மார்ச் 27
ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் கையைத்தான் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது! சிரித்தால் நெஞ்சு வலித்தது. சிரித்தேன்.

ஏப்ரல் 29
முதுகில் குடம் தண்ணீரைக் கொட்டினாற்போல் இருக்கிறது. மதியத்துக்குள் இரண்டு சட்டை மாற்றினேன். ஐயோ, அவசரப்பட்டுட்டேனா? யாரைத் திட்ட? சர்ஜன் முன்னாடியே சொன்னார், நான்தானே தலையாட்டினேன்.

மே 6
மாஸ்டர் கருநீலப் பட்டை விரித்து, கத்தரியை என் பக்கம் தள்ளினார். பழக்கதோஷம் — கை தானாகப் பவுடர் டப்பாவுக்குள் போய்விட்டது. பட்டின் மேல் வெள்ளை வெளேரென்று ஐந்து விரல்!

"வேர்வையே இல்லாத கைக்கு எதுக்கு மேக்கப்பு?" என்றார் மாஸ்டர்.

பிரஷால் தட்டியதும் போய்விட்டது. பிறகு வெட்டினேன். கோடு ஒரு நூல்கூடப் பிசகவில்லை. என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மே 20
முதுகில் இரட்டைத் துணி வைத்துப் பருத்தி உள்சட்டை தைத்தேன், ஒரு நாளைக்கு மாற்றிக்கொள்ள மூன்று. தையல்காரியை ஒரு முதுகு ஜெயித்துவிடுமா?

ஜூன் 17
சர்ஜன் சொல்லி ஒரு பஸ் டிரைவர் கடைக்கு வந்தார். கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்குகிறதாம். கையை நீட்டினேன். பிடித்தவர் விடவே இல்லை. பிறகு திரும்பி நின்றேன். உள்சட்டையைத் தாண்டி மேல்சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரெண்டையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க தம்பி."

"உங்களுக்கு வருத்தமில்லையாக்கா?"

"சில மத்தியானம் இருக்கு."

மேசையில் வெள்ளைப் பட்டு காத்திருந்தது. வெறுங்கையால் நீவிவிட்டுக் கத்தரியை எடுத்தேன். வெட்டி முடிக்கும்வரை அவர் நின்று பார்த்தார்.