பூட்டின கிணறும் இடித்த கோயிலும்

செட்டியார்பட்டி
11.11.1988

அன்பு மகள் செல்லக்கனிக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நீயும் மருமகனும் பேரனும் பம்பாயில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு மூட்டுவலியைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் சுகமில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா, புதுக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று நான்தான் எழுதியிருந்தேன். வர வேண்டாம். கோயில் இல்லை.

மேலே போட்ட கான்கிரீட்டைப் போன வாரம் இடித்துவிட்டார்கள். ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்ததில் பீடத்துக்கு நேர் மேலே ஒரு துண்டு விழுந்தது, ஆராதனை இல்லாத நாள், யாருக்கும் அடியில்லை. கொத்தனார் சங்கிலிப்பாண்டி சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, தண்ணி காணாத சிமிண்டு ஆத்தா, பொருக்கு பொருக்கா உதிருது, இனி நிக்காது என்றான். ஏன் தண்ணீர் காணவில்லை என்று உனக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், நானே எழுதுகிறேன். சித்திரை வெயிலில் கான்கிரீட் போட்டார்கள், பதினாலு நாள் அதன்மேல் தண்ணீர் நிற்க வேண்டும், ஊரில் ஊறுகிற கிணறு நம் கிணறு ஒன்றுதான். நான் பூட்டிவிட்டேன். சுற்றி நின்ற பெண்பிள்ளைகள் வெறுங்குடத்தோடு திரும்பிப் போனார்கள், தெருக்குழாயில் பிடித்து வீட்டுக்கு ஒரு குடம் ஊற்றினார்கள், அது எம்மாத்திரம்.

காரணம் வாசலில் பதித்த பேர்க்கல். அதில் பேராயர் பேர், போதகர் பேர், கமிட்டி பொன்னுராஜ் பேர் எல்லாம் இருக்கிறது, உன் அப்பா பேர் இல்லை. ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வருகிற எல்லாரும் ஆளுக்கொரு கல் சுமந்து வந்து எழுப்பின சுவர் அது, அதற்கு அஸ்திவார வானம் தோண்டினவர் உன் அப்பா, இருமிக்கொண்டே தோண்டி அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார். பொன்னுராஜின் தாய் என் கலியாணப் பந்தியில் எனக்கு மட்டும் பாயசம் ஊற்றாமல் தாண்டிப் போனவள், முப்பத்தொரு வருஷமாகிறது, அந்த வாளி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவள் பெற்றவன் மூன்று தரம் வந்து, சித்தி, ஒரே ஒரு பேச்சு, கேட்டுட்டுப் பொறவு பூட்டுங்க என்றான். ஏலே, கல்லுல பேரு இருக்கவன் சுமந்து ஊத்தட்டும் என்று கதவைச் சாத்தினேன்.

அந்தப் பேச்சைப் போதகர் ஐயா முந்தாநாள் வந்து சொன்னார். பேர் போட வேண்டாம் என்று சொன்னதே உன் அப்பாதானாம். படுக்கையில் கிடக்கும்போது பொன்னுராஜைக் கூப்பிட்டு, நம்ம கூட நின்னு கல்லு சுமந்தவரு கர்த்தரு, அவரு பேரைப் போட்டு முடிச்சிட்டியாலே, எம்பேருக்கு வந்துட்ட என்று சிரித்தாராம். என்னிடம் சொல்லவில்லை பார், முப்பது வருஷம் கூட இருந்த மனுஷன். அவர் மேலும் எனக்குக் கோபந்தான்.

இருபத்திரண்டு குடும்பத்தில் ஒன்பது குடும்பம் இப்போது ராஜபாளையத்துச் சபைக்குப் போகிறது. மறுபடி கல் சுமக்க யாருக்கும் தெம்பில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை வையவில்லை, வைதால் தேவலை. பூட்டைக் கழற்றிப் போட்டேன், புதுக் கயிறு மாட்டினேன், தெருப்பெண்கள் குனிந்துகொண்டு போகிறார்கள், ஒருத்தியும் இறைக்க வரவில்லை. நேற்று நானே ஒரு குடம் சுமந்துபோய் அந்தச் சுவருக்குள் நின்றேன். நனைக்க ஒன்றுமில்லை. அப்படியே வைத்துவிட்டு வந்தேன். 

பிள்ளைக்கு அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள். மழையில் தலை நனைய விடாதே, பாலில் மிளகு தட்டிப் போட்டுக் கொடு. மருமகனுக்கும் உனக்கும் பிள்ளைக்கும் கர்த்தர் நீண்ட ஆயுசைத் தரட்டும், என் கோபம் நீ பெற்ற பிள்ளைக்கு வராதிருக்கட்டும். ஒன்று மறக்காதே. தாத்தா பேரை வைப்பதாகச் சொன்னாயே, ரத்தினம் என்றே வை. கல்லில் வேண்டாம் என்றார், பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்படிக்கு
உன் அம்மா
ர. பரிபூரணம்