மத்தியானத்து அம்மா

பெரிய காஞ்சிபுரம்
14-6-1968

அன்புள்ள அத்தானுக்கு,

குழலி எழுதுகிறேன். பிலாயில் வெயில் இன்னும் அடங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மோராவது வாங்கிக் குடிக்கிறீர்களா?

இங்கே பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். நம் பிள்ளைகளை நான் அனுப்பவில்லை. கோபப்படாமல் மேலே படியுங்கள். போன வருடக் கடைசியில் பையன்கள் இளங்கோவின் போலியோ காலுக்கு மாட்டும் இரும்பைக் கழற்றி ஒளித்து வைத்திருக்கிறார்கள். அவன் வகுப்பிலிருந்து வாசல்வரை தவழ்ந்தே வந்திருக்கிறான். “இனிமே போகலமா” என்றான். தம்பி போகாமல் நானும் போகமாட்டேன் என்று கோதையும் உட்கார்ந்துவிட்டாள்.

நான் பி.ஏ. படித்தது இதற்காவது உதவட்டுமே. காலையில் உலை கொதிக்கும்போது கணக்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து திரும்பியபின் தமிழும் இங்கிலீஷும். பகலில் இருவரும் எழுதிவைக்கப் பாடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். பக்கத்து வீட்டு உம்முசல்மா அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவ்வப்போது குரல் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார்.

களைப்பாகத்தான் இருக்கிறது. நேற்று இளங்கோ ஏதோ சந்தேகம் கேட்க, என் வாய் “நம்பர் ப்ளீஸ்” என்றது. கோதை விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

உங்கள்
குழலி

*

பிலாய்
27-6-1968

அன்புள்ள குழலிக்கு,

மோர் குடிக்கிறேன். நீ எனக்குச் சொல்லுகிறாய், உனக்கு யார் சொல்வது?

பிள்ளைகள் விஷயத்தில் உன் மனசு புரிகிறது. ஆனால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி இருக்க முடியும்? எக்ஸ்சேஞ்சில் ஒன்பதிலிருந்து ஐந்துவரை ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, வீட்டிலும் வாத்தியார் வேலை பார்ப்பது நடக்கிற காரியமா?

பொங்கலுக்கு இரும்பாலையில் விடுப்பு எடுத்து வருவேன். இருவரையும் உட்காரவைத்து நானே கேள்வி கேட்பேன். பின்தங்கியிருந்தால் முசரவாக்கத்தில் அண்ணன் வீட்டில் விட்டு, அங்கே பள்ளியில் சேர்த்துவிடுவேன். அண்ணியும் சரி என்றுவிட்டார். கோபத்தில் சொல்லவில்லை.

கோதைக்கும் இளங்கோவுக்கும் முத்தம்.

வேலாயுதம்

*

பெரிய காஞ்சிபுரம்
20-8-1968

அன்புள்ள அத்தானுக்கு,

முசரவாக்கம் என்று படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பிள்ளைகள் என்னிடம்தான் இருப்பார்கள்.

அவர்கள் பின்தங்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதைத்தான் உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

போன ஞாயிறு இளங்கோவுக்குத் தசம பின்னம் ஆரம்பித்தேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே, “ரெண்டு மாகாணி அரைக்கால், நாலு மாகாணி கால்” என்று ராகம் போட்டான். அந்தக் காலத்துப் பின்னக் கணக்கு, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. சின்ன வயதில் எங்கள் அப்பா மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது. காலேஜ் போனதும் எனக்கே மறந்துவிட்டது.

“யார்ரா சொல்லிக்குடுத்தது?” என்றேன்.

“நீதாம்மா.”

“எப்போ?”

“மத்தியானம். நீ வந்துதான சொல்லிக்குடுக்கற.”

கோதை நோட்டிலிருந்து தலை தூக்காமல், “மத்தியானம் நீ கத்தவே மாட்டமா” என்றாள்.

விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் உம்முசல்மா அக்கா சுவரருகே பிடித்துக்கொண்டார். “தெனமும் மத்தியானம் வந்துக்கினு தான இருக்க? கூப்புட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கற. ஆபீசுக்காரின்னா அவ்ளோ ராங்கியாமா?” என்று கேட்டுச் சிரித்தார். என்ன சேலை கட்டியிருந்தேன் என்று கேட்டேன். “காலைல கட்டிக்கினு போனதுதான். என்னா கேள்வி இது?” என்றார்.

அந்த நேரத்தில் நான் போர்டு முன்னால் மெட்ராஸ் டிரங்க் கால் போட்டுக்கொண்டிருக்கிறேன், அத்தான். மேற்பார்வையாளர் உத்தரவில்லாமல் நாற்காலியை விட்டு எழ முடியாது.

பிள்ளைகளிடம் பயத்தின் சாயலே இல்லை. நேற்று இரும்பைக் கழற்றியபோது இளங்கோவின் கால் முழுக்க எண்ணெய் மினுமினுத்தது. டாக்டர் தினமும் தேய்க்கச் சொன்ன எண்ணெய். எனக்கு நேரமில்லாமல் நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

உங்கள்
குழலி

*

பிலாய்
2-9-1968

அன்புள்ள குழலிக்கு,

உன் கடிதத்தை இங்கே யாரிடமும் காட்டவில்லை. நீயும் அங்கே யாரிடமும் பேசாதே.

வீட்டுக்குள் யாரோ பெண்பிள்ளை வந்துபோகிறாள் என்றால் முதலில் பூட்டை மாற்று. இல்லையென்றால், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, நீயே வந்துவிட்டு மறந்துபோகிறாயோ? தூக்கமில்லாத உடம்பு எதுவும் செய்யும்.

வேலையை விட்டுவிடு, குழலி. வீட்டோடு இரு. அப்படி இருந்தால் பிள்ளைகள் உன்னிடமே வளரட்டும். முசரவாக்கம் பேச்சையே எடுக்கமாட்டேன். சத்தியம்.

வேலாயுதம்

*

காஞ்சிபுரம்
18-10-1968

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடியே வேலையை விட்டுவிட்டேன். கடைசி நாளில் எக்ஸ்சேஞ்சில் மாலை போட்டு, மிக்சரும் காபியும் கொடுத்து அனுப்பினார்கள்.

முதல் நாள் மத்தியானம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று குரலை உயர்த்தாமல் பாடம் நடத்தினேன். ஆனால் பிள்ளைகள் விருந்துக்கு வந்தவளிடம் பேசுவதுபோல என்னிடம் பேசுகிறார்கள். கேட்டால் பதில், கொடுத்தால் வாங்கிக்கொள்வது. எண்ணெய்க் கிண்ணத்தோடு போனால் இளங்கோ மரியாதையாகக் காலை இழுத்துக்கொள்கிறான். மத்தியானமானால் இருவரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இந்த வாரம் இளங்கோ சரியாகச் சாப்பிடவில்லை. முந்தாநாள் என்னிடமே கேட்டான். “அம்மா எப்ப வரும்?”

“நான்தான்டா அம்மா. இங்கதான இருக்கேன்.”

சரி என்று தலையாட்டினான். என் மனம் நோகக்கூடாதென்று ஆட்டியது தெரிந்தது. பிறகு கோதை என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போய், “நீ வரேன்னு சொல்லவே மாட்டேங்கறியேமா. சொன்னாதான வரும்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம்மில் யார் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்கிறோம்? இத்தனை நாளும் செருப்பை மாட்டிக்கொண்டே ‘வரேன்’ என்று சொல்லிவிட்டு நான் போய்க்கொண்டிருந்தேன். போனவள் நான். சொன்ன சொல் மாறாமல் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள்.

இன்று காலை வெளியே போகும் சேலையைக் கட்டிக்கொண்டேன். டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, “வரேன்” என்றேன். இந்த மாதத்தில் முதல் தடவையாக இளங்கோ சிரித்தான்.

கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உச்சிக்கால மணி அடித்ததும் மனசு கேட்காமல் நம் வீட்டுப் பக்கம் போனேன். நம் ஜன்னல் வழியாக அவன் வாய்ப்பாடு சொல்வது கேட்டது. ஓரிடத்தில் தடுமாறினான். ஒரு குரல் திருத்தியது. என் குரல்தான். ஆனால் அவசரமே இல்லாத குரல். உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

மத்தியான அம்மா போகும்போது என்ன சொல்லும் என்று காலையில் கோதையைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். “அது எங்கமா போவும்? அது இருக்கும்போதே நீ வந்துடுவ” என்றாள்.

வெயில் தாழ்ந்துவிட்டது. வீட்டில் விளக்கேற்றும் நேரம். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

பொங்கலுக்கு வாருங்கள். வந்து என்ன வேண்டுமானாலும் கேள்வி கேளுங்கள், சொல்வார்கள். முசரவாக்கம் வேண்டாம், அத்தான். பிள்ளைகளோடு அவர்கள் அம்மா இருக்கிறாள்.

குழலி